தேயிலை விளம்பரத்துப் பெண்: உங்கள் கண் முதலில் எங்கே போனது?

தோட்டத்து மகள் | கோத்தகிரி | ஞாயிறு, காலை 7.40

இன்றைய நாளிதழில் அரைப்பக்கத்துக்கு ஒரு தேயிலைத் தூள் விளம்பரம் வந்திருக்கிறது. கம்பெனிப் பெயர் இங்கே தேவையில்லை, அதனால் சொல்லவில்லை. பார்க்காதவர்களுக்காக அது எப்படி இருக்கிறது என்று எழுதிவிடுகிறேன்.

இடது பக்கம் முழுவதும் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். அரக்குச் சிவப்புச் சேலை, தலையில் மல்லிகை, முதுகில் புத்தம் புதிய மூங்கில் கூடை. நேராக நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். வலது கையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். நகத்தில் சாயம். பின்னால் தேயிலைச் சரிவு, அதற்கும் பின்னால் வெள்ளையாக மூட்டம். மேலே பெரிய எழுத்தில் "பனி படர்ந்த மலையின் முதல் கொழுந்து". கீழே வலது மூலையில் பாக்கெட், பக்கத்தில் விலை.

கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படித்தவள் நான். அந்தப் பழக்கத்தில் பென்சிலை எடுத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். அவள் கண்ணிலிருந்து ஒரு கோடு இழுத்தால் அது விரல் நுனியில் உள்ள கொழுந்தைத் தொட்டு, அப்படியே சரிந்து பாக்கெட்டில் போய் முடிகிறது. தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். அதனால் கண் மேலே இடது பக்கம் நுழைந்து கீழே வலது பக்கம் வெளியேறும். வெளியேறும் வாசலில் பாக்கெட்டை வைத்திருக்கிறார்கள். படம் முழுக்கப் பச்சை. சிவப்பு இரண்டே இடத்தில்தான் இருக்கிறது: சேலையிலும் பாக்கெட்டின் பட்டையிலும். பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு என்பதால் இரண்டும் பக்கத்தை விட்டு எழுந்து நிற்கின்றன. சேலையைப் பார்த்த கண் தானாகப் பாக்கெட்டைத் தேடிப் போகிறது. நேர்த்தியான வேலை.

அப்புறம் பேப்பரை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா 22 வருஷமாகக் கொழுந்து எடுக்கிறார். தாத்தாவும் பாட்டியும் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து வந்தவர்கள். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் சோறு என்றால் அது தேயிலைதான். அம்மா பார்த்தது நான் பார்த்த படமே இல்லை. அவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைத் திருப்பியபோது உங்கள் கண் முதலில் எங்கே போனது?


ஆர்.எஸ்.புரம் வாசகி | கோவை | ஞாயிறு, காலை 9.15

எனக்கு மூட்டம்தான் முதலில் பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியாறு தாண்டியதும் கார்க் கண்ணாடியை இறக்கினால் முகத்தில் ஒரு குளிர் அடிக்குமே, அது ஞாபகம் வந்தது. அந்தக் குளிரில் ஒரு டீ குடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். பாக்கெட்டைப் பார்த்ததே அதற்குப் பிறகுதான்.

நகச்சாயம் நீங்கள் சொன்ன பிறகே தெரிந்தது. ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். அப்படி ஒரு பெண் தோட்டத்தில் வேலை பார்ப்பாள் என்று நான் நம்பினேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. அவளை ஒரு ஆளாகவே நான் பார்க்கவில்லை. மரம், மூட்டம், சரிவு மாதிரி அவளும் மலையோடு சேர்ந்த ஒன்றாகத்தான் தெரிந்தாள். இதை எழுதும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது.


கேத்திப் பள்ளம் | நீலகிரி | ஞாயிறு, காலை 11.02

நான் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. எனக்குப் படத்துக்கு முன்னால் எழுத்துதான் கண்ணில் பட்டது. "பனி படர்ந்த மலை."

சமவெளியில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் துளி. எங்களுக்குப் பனி என்றால் டிசம்பர், ஜனவரியில் இறங்கும் உறைபனி. ராத்திரி வானம் துடைத்த மாதிரி இருந்து, காற்றும் இல்லாமல் இருந்தால் மனசுக்குள் பயம் பிடித்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடிந்ததும் பார்த்தால் பள்ளத்துச் செடியெல்லாம் உப்புத் தூவிய மாதிரி நிற்கும். வெயில் ஏறினால் அதே கொழுந்து கருகிப் பழுப்பாகிவிடும். பெரணியும் புல்லும் வெட்டிப் போட்டு மூடுவோம். எல்லாச் செடியையும் மூட முடியாது. மறுபடி கொழுந்து வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அதனால் அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கருகிய செடிதான் தெரிந்தது. கீழே அந்தப் பெண் எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியவில்லை. படம் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒரே சொல் எனக்கும் கோவைச் சகோதரிக்கும் இரண்டு படம் காட்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கையில் இரண்டு இலை ஒரு மொட்டு. பாக்கெட்டுக்குள் சிடிசி (நசுக்கி, கிழித்து, சுருட்டிய) தூள். நடுவே ஃபேக்டரி இருக்கிறது: வாட வைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலித்து எடுப்பார்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். அந்த இரைச்சலும் சூடும் படத்தில் எங்கேயும் இல்லை. விரலிலிருந்து நேராகப் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறது, தங்கச்சி போட்ட பென்சில் கோடு மாதிரியே.


பழைய வரிக்காரர் | கொடைக்கானல் | ஞாயிறு, மாலை 4.30

சென்னையில் விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவன். இப்போது ஓய்வு. கேத்தி நண்பர் சொன்னதுதான் எங்கள் தொழிலின் அடிப்படை.

படம் மட்டும் தனியாக இருந்தால் அது பத்து அர்த்தம் தரும். வாசகத்தின் வேலை, அந்தப் பத்தில் ஒன்றைப் பிடித்து நிறுத்துவது. படகுக்கு நங்கூரம் மாதிரி. 1964-ல் ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பன்ஸானி என்ற கம்பெனியின் அச்சு விளம்பரம் ஒன்றை எடுத்து அலசினார். பாதி திறந்த வலைப்பை. அதிலிருந்து பாஸ்தா பாக்கெட்டுகளும் தக்காளியும் வெங்காயமும் குடைமிளகாயும் சரிந்து கிடக்கின்றன. இப்போதுதான் சந்தையிலிருந்து வந்தது என்கிறது பை. மஞ்சள், பச்சை, சிவப்பு மூன்றும் சேர்ந்து இத்தாலி என்கின்றன. அவர் கவனித்த முக்கியமான விஷயம், அந்த இத்தாலி பிரெஞ்சுக்காரருடைய மனசில் இருக்கும் இத்தாலி. ஒரு இத்தாலியருக்கு அது அப்படிப் படாது. நீலகிரி விளம்பரத்தை நீலகிரிக்காரர் படித்தால் என்ன ஆகும் என்பதும் அதே கதைதான்.

மல்லிகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாளில் மணத்தை அச்சடிக்க முடியாது. தேயிலையின் மணத்தைக் கண்ணுக்கு எப்படிச் சொல்வது? நம் ஊரில் யார் பார்த்தாலும் மூக்கில் மணம் வரவைக்கும் ஒரு பொருள் மல்லிகை. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு விளம்பரத்துக்குப் பூ வைக்கச் சொன்னவன் நான். அவள் யார், எங்கே வேலை பார்க்கிறாள், அந்தக் கூடை எவ்வளவு கனம் என்று நான் அன்றைக்கு ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. இந்தப் பதிவைப் பார்த்த பிறகு அது மனசை அறுக்கிறது.

வெறும் தாளை வைத்தும் பேச முடியும் என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் உதாரணம் 1959-ல் வந்த வோக்ஸ்வாகன் விளம்பரம். டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் செய்தது. அமெரிக்காவில் பெரிய காருக்குத்தான் மதிப்பு இருந்த காலம். பக்கத்தின் பெரும்பகுதியைக் காலியாக விட்டு, ஒரு மூலையில் காரை மிகச் சின்னதாக வைத்தார்கள். சின்னது என்ற குறையை அந்த வெற்றிடமே நிறையாக்கிவிட்டது. நம் தேயிலை விளம்பரங்களில் ஒரு விரல்கடை இடம்கூடக் காலியாக விடமாட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய இடம் என்ற நினைப்பு.


தோட்டத்து மகள் | கோத்தகிரி | ஞாயிறு, இரவு 8.10

எல்லாருக்கும் நன்றி. வரிக்காரர் ஐயா, நீங்கள் திறந்து சொன்னதற்குத் தனியாக நன்றி.

இப்போது அம்மா சொன்னதை எழுதுகிறேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வேலைக்குப் போகும்போது அம்மா பழைய சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, இடுப்பில் படங்கு என்கிற தடித்த விரிப்பைச் சுற்றிக் கட்டுவார். ஈரச் செடியில் நாள் முழுக்க உரசுவதால் அது இல்லாமல் முடியாது. தலையில் துணி. விரல் நுனி கறுத்துத் தடித்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது. மூட்டம் இறங்கினால் பக்கத்து வரிசையில் காட்டெருமை நின்றாலும் தெரியாது. இதையெல்லாம் சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

அம்மா பேப்பரைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னது: "இதக் கீழ நின்னு எடுத்திருக்காங்க. நம்மள எல்லாரும் மேல ரோட்டுல இருந்துதான் எடுப்பாங்க."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அதை யோசித்ததே இல்லை. ரோடு மேலே, தோட்டம் கீழே. வண்டியை நிறுத்திச் சுற்றுலாக்காரர்கள் எடுக்கும் படத்தில் எல்லாம் அம்மாவின் தலைத்துணியும் கூடையும்தான் இருக்கும், முகம் இருக்காது. இந்தப் பெண்ணுக்கு முகம் இருக்கிறது. அது அம்மாவுக்குப் பிடித்திருந்தது.


இந்து ஃபிலிம் | ஊட்டி | திங்கள், காலை 6.50

அம்மாவின் கண் சரியான கேமராக்காரர் கண். நான் போட்டோகிராபர். என் அப்பா ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960-ல் அரசு தொடங்கிய ஆலை, 1967-ல் உற்பத்திக்கு வந்தது. நாட்டில் எத்தனையோ ஸ்டூடியோக்களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் எங்கள் ஊரில் செய்த 'இந்து' ஃபிலிமில் பதிந்தவைதான். படம் என்றால் என்ன என்பதை நான் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்தேன்.

கேமராவை இடுப்பு உயரத்துக்குக் கீழே இறக்கி மேல்நோக்கி எடுத்தால் ஆள் உயர்ந்து நிற்பார், தலைக்குப் பின்னால் வானம் வரும். அரசியல் போஸ்டரில் தலைவரை எடுப்பது அப்படித்தான். மேலிருந்து எடுத்தால் ஆள் சிறுத்து நிலத்தோடு ஒட்டிவிடுவார். இந்த விளம்பரத்தில் தலைவர்களுக்குச் செய்வதை அந்தப் பெண்ணுக்குச் செய்திருக்கிறார்கள். நோக்கம் தூள் விற்பதுதான், ஆனாலும் கோணம் கோணம்தான்.

இலை மேல் நிற்கும் துளியைப் பாருங்கள். ஒரே அளவில் உருண்டு நிற்கிறது. தண்ணீரில் கிளிசரின் கலந்து தெளித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. வெறும் தண்ணீர் வழிந்துவிடும், சீக்கிரம் காய்ந்தும் போகும். கண்ணாடி டம்ளரில் டீயை எடுக்கும்போது டம்ளரின் அளவுக்கு வெள்ளை அட்டையை வெட்டிப் பின்னால் ஒளித்து வைப்போம். அட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் டீக்குள் புகுந்து செம்பொன்னாகத் தெரியும். அட்டை இல்லாவிட்டால் அதே டீ கறுப்பு. கடிகார விளம்பரத்தில் முள் பத்து மணி பத்து நிமிஷத்தில் நிற்பதும் இதே இனம்தான். இரண்டு முள்ளும் கம்பெனிப் பெயருக்கு இருபுறமும் கை விரித்த மாதிரி நிற்கும்.


பூம்பாறை | பழனி மலை | திங்கள், காலை 10.20

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது வந்த சுற்றுலா விளம்பரங்கள் ஞாபகம் இருக்கிறதா? ஒரு மலை முழுக்க ஊதாக் கம்பளம் விரித்த மாதிரி. கொடைக்கானலுக்கு வந்தவர்கள் பலர் என்னிடமே கேட்டார்கள், "அந்தக் கம்பளம் எங்கே இருக்கிறது?" என்று. நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது புதர் புதராகப் பூத்த சரிவு. ஏமாந்து போனார்கள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பூத்த பூவைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று கேட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படம் பொய்யா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்தது 2030-ல். அதற்குள் யாராவது விளக்கினால் நல்லது.


டபுள் டெமி | குன்னூர் | திங்கள், மாலை 3.45

பொய் என்று சொல்ல முடியாது தம்பி. தூரத்திலிருந்து நீள லென்ஸ் போட்டு எடுத்தால் முன்னால் இருக்கும் புதருக்கும் பின்னால் இருக்கும் புதருக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கித் தெரியும். பத்தடி தள்ளி நிற்கும் புதர்கள் தோளோடு தோள் ஒட்டிவிடும், கம்பளம் ஆகிவிடும். ஊட்டித் தம்பி இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

நிறத்தைப் பற்றி நான் சொல்லலாம், 31 வருஷமாக ஆஃப்செட் ஓட்டுகிறேன். நாங்கள் அச்சடிப்பது நாலு மையில்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. குறிஞ்சியின் நீல ஊதாவை இந்த நாலும் சேர்ந்து முழுசாகக் கொண்டுவர முடியாது. திரையில் தெரியும் ஊதா தாளில் மங்கிவிடும். மங்கியதைப் பார்த்த வாடிக்கையாளர் "இன்னும் ஏற்றுங்கள்" என்பார். மெஜந்தாவை ஏற்றுவோம். பூ செம்ஊதாவாகிப் போகும். ஆக, போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தவர் மலையில் தேடியது எங்கள் மிஷினில் பிறந்த ஒரு நிறத்தை. நான் அடித்த போஸ்டரும் அதில் உண்டு.

தேயிலைப் பச்சையிலும் இந்தக் கஷ்டம் உண்டு. அச்சில் படம் என்பது வரிசை வரிசையாக நிற்கும் மைப்புள்ளிதான். நாளிதழ்த் தாள் மையைக் குடிக்கும், புள்ளி விரியும். அதனால் ஓர் அங்குலத்துக்கு 85 முதல் 100 புள்ளி வரிசை வரைக்கும்தான் வைப்பார்கள். பளபளப்புத் தாள் இதழில் 150 வரை போகலாம். புள்ளி விரிந்தால் இருட்டுப் பகுதியெல்லாம் அடைத்துக்கொள்ளும். இது தெரிந்த வடிவமைப்பாளர் நாளிதழுக்கு என்றே பின்னணியை வெளிறடிப்பார். தங்கச்சி சொன்ன விளம்பரத்தில் பாதி மூட்டம் மலையில் இருந்திருக்கலாம், மீதி கம்ப்யூட்டரில் போட்டது என்று நினைக்கிறேன். மூட்டம் வந்தால் மேலே போடும் தலைப்பு எழுத்தும் பளிச்சென்று தெரியும், அது இன்னொரு வசதி.


பந்தலூர்ப் பேத்தி | நீலகிரி | திங்கள், இரவு 9.30

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிற மாதிரி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். என் பாட்டியும் தோட்டத் தொழிலாளிதான், அரசுத் தேயிலைத் தோட்டத்தில். வீட்டு வாசலில் டிசம்பர் பூச் செடி வைத்திருந்தார். பூத்த நாளில் ஒரு கொத்துத் தலையில் வைக்காமல் வேலைக்குப் போகமாட்டார். மழை பெய்தாலும் சரி. தோட்டத்துப் பெண் என்றால் அழுக்குச் சட்டை, கறுத்த விரல், களைத்த முகம் என்று நாமே ஒரு படத்தை வைத்துக்கொண்டு, அதோடு விளம்பரத்தை ஒப்பிடுகிறோம். எங்களைப் பற்றி வரும் செய்திப் படங்களில் எப்போதும் அந்த முகம்தான். சிரிக்கிற முகத்தைப் பார்த்தால் உண்மையில்லை என்கிறோம். பாட்டி வரிசையில் நின்று பேசிச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு அந்த விளம்பரத்தில் உறுத்தியது வேறு. அவள் தனியாக நிற்கிறாள். தோட்டத்தில் யாரும் தனியாகக் கொழுந்து எடுப்பதில்லை.


ஆர்.எஸ்.புரம் வாசகி | கோவை | செவ்வாய், காலை 8.05

பந்தலூர்த் தோழி சொன்னது என்னை யோசிக்க வைத்தது. வரிக்காரர் ஐயா, ஒரு சந்தேகம். இந்த மாதிரிப் படங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாதா?


பழைய வரிக்காரர் | கொடைக்கானல் | செவ்வாய், காலை 11.40

இருக்கிறதம்மா. விளம்பரத் துறையே 1985-ல் இந்திய விளம்பரத் தர மன்றத்தை அமைத்துக்கொண்டது. இந்தத் தூள் குடித்தால் எடை குறையும் என்று எழுதினால் ஆதாரம் காட்டு என்று கேட்கலாம், புகார் கொடுக்கலாம். மல்லிகைக்கும் மூட்டத்துக்கும் யார் ஆதாரம் கேட்பது? அவை எதையும் சொல்வதில்லை, நம் மனசில் இருப்பதைத் தட்டி எழுப்புகின்றன. அந்த இடத்தில் சட்டத்தைவிடக் கோத்தகிரி அம்மா மாதிரிப் பார்க்கிற கண்தான் வேலைக்கு ஆகும்.

அவள் தனியாக நிற்பதும் வேண்டுமென்றே செய்வதுதான். இரண்டு பேர் நின்றால் வாசகர் அவர்கள் பேச்சைக் கேட்கப் போய்விடுவார். ஒருத்தி நின்று நம்மைப் பார்த்தால், அந்த இரண்டாவது ஆள் நாம் ஆகிவிடுகிறோம்.


தோட்டத்து மகள் | கோத்தகிரி | செவ்வாய், இரவு 9.20

பந்தலூர் அக்கா, நீங்கள் எழுதியதை இன்றைக்குச் சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "தனியா எங்க நிக்குறா? பின்னால ஆளு இருக்காங்களே" என்றார்.

நான் எத்தனையோ முறை பார்த்துக் கோடு போட்ட படம். பேப்பரை மறுபடி எடுத்து வந்தேன். அம்மா விரல் வைத்த இடம், பெண்ணின் தோளுக்கும் தலைப்பு எழுத்துக்கும் நடுவே, ஃபோகஸ் போய்க் கரைந்து கிடக்கும் சரிவு. நான் அதைச் செடி என்று நினைத்திருந்தேன். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன், வெறும் புள்ளிதான் தெரிந்தது. அம்மா பேப்பரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னை அடுப்படி வரைக்கும் பின்னால் போகச் சொன்னார். அங்கிருந்து பார்த்தபோது தெரிந்தது. வெள்ளைப் பொட்டு ஒவ்வொன்றும் தலைத்துணி. மூட்டத்துக்குள் ஒரு வரிசை.

அம்மா எண்ணினார், ஐந்து பேர். "இந்த நாலு பேரும் கத்திரி போடுறாங்க, ரெண்டு முழங்கையும் வெளிய தள்ளி நிக்குது பாரு. கடைசில இருக்குறவ மட்டும் கையால எடுக்குறா."

டபுள் டெமி ஐயா, உங்களிடம் அச்சுக்காரர் லென்ஸ் இருக்குமே. அந்தப் பக்கம் கிடைத்தால் தலைப்பில் "மலையின்" என்ற சொல்லுக்கு நேர் கீழே பாருங்கள். ஐந்துக்கு மேல் இருக்கிறார்களா என்று அம்மா கேட்கச் சொன்னார்.


டபுள் டெமி | குன்னூர் | புதன், காலை 7.10

பார்த்தேன் அம்மா. லென்ஸில் புள்ளிதான். நானும் சுவரில் ஒட்டிவைத்துத் தள்ளி நின்று பார்த்தேன். ஆறாவதாக ஒருவர் இருக்கிறார். "மலையின்" என்பதில் வரும் "ம"வுக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறார்.